உச்சத்தில் ஒரு நடுக்கம்

கொம்தார் கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் அம்மாவின் குரலைக் கேட்டபோது ஞானாம்பிகையின் கையில் ஒரு பொட்டலம் முகமூடி இருந்தது. மதிய இடைவேளையில் அதை வாங்கத்தான் வந்திருந்தாள். தொண்ணூற்றேழாம் வருடத்துச் செப்டம்பர் அது. அக்கரைத் தீவுகளில் காடு எரிகிறது என்று சொல்லிச் சொல்லியே மூன்று வாரமாகப் பினாங்கு மஞ்சள் புகைக்குள் கிடந்தது. பீச் ஸ்ட்ரீட்டில் அவள் வேலை பார்த்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் ஜன்னலில் கடலே தெரியவில்லை. ஃபெரியின் ஊதல் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

முகமூடிக் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு கம்ப்யூட்டர் கடை. வாசலில் சின்னக் கூட்டம். அதன் மேலே தொங்கிய விளம்பரத்தைப் பார்த்து ஞானாம்பிகை கூட வந்த அலுவலகத் தோழி நோர்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"இது என் வீட்டுக்காரர் மியூசிக் போட்ட கேம்!"

"சேகரா? வா, பார்ப்போம்!" என்று மலாயில் சொல்லி நோர்மா அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

திரையில் உலகம் முடிந்து போயிருந்தது. எரிந்த கடைவீடுகள், கவிழ்ந்து கிடந்த கார்கள், ஆளில்லாத தெரு. அந்தத் தெருவில் விளையாடுகிறவன் துப்பாக்கியோடு நடந்துகொண்டிருந்தான். பின்னால் காற்று மாதிரி, தூரத்து ஊதல் மாதிரி, முடிவில்லாத ஒரு சத்தம். சேகரின் இசை இதுதானா? எட்டு மாதமாகக் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கணவன் செய்ததை அவள் இப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறாள். பெருமையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

விளையாடிய சீன வாலிபன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். பிரம்பு நாற்காலியில் ஓர் எலும்புக்கூடு. பக்கத்து மேசையில் பழைய ரேடியோ. அவன் ஒரு விசையைத் தட்டினான். ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது. கரகரப்புக்கு நடுவே, ஹார்மோனியமும் வயலினும் சேர்ந்து வந்து வழிவிட, ஒரு பெண் பாடினாள்.

"அக்கரை விளக்கே, அணையாதே,
அலைகடல் தாண்டி அவர் வரும்வரை..."

அடுப்படியில் மீன் கழுவும்போது முணுமுணுத்த குரல். ஆஸ்பத்திரியில் கடைசியாக "தண்ணி" என்று கேட்ட குரல். இருபது வயதில், ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"பொஸான்லா இந்தப் பாட்டு," என்றான் வாலிபன், சலித்துக்கொண்டு. துப்பாக்கியைத் திருப்பி ரேடியோவைச் சுட்டான். மரத்துண்டுகள் பறந்தன. பாட்டு நடுவில் அறுந்தது. கூட்டம் சிரித்தது.

"கெனாப்பா, ஞானா? என்ன ஆச்சு?" என்று நோர்மா கேட்டாள். ஞானாம்பிகை முகமூடிப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை எடுத்து முகத்தில் மாட்டிக்கொண்டாள். அழுவது தெரியாமலிருக்க அந்த நேரத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

*

அம்மா நல்லம்மா இறந்து பதினோரு மாதம். ஆட்டத்திவசத்துக்கு, அதாவது முதல் வருடத் திதிக்கு, இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதுவரைக்கும் வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்று அப்பா அப்புத்துரை சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தகப்பன் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டு வந்த வழக்கம் அது. ஜெலுத்தோங்கில் இருந்த அந்த வீட்டில் ரேடியோவின் மேல் ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. தொலைக்காட்சியில் செய்தி மட்டும். செய்திக்கு முன்னால் வரும் இசைக்குக்கூட அப்பா எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைப்பார்.

சேகரின் வீட்டில் அப்படியில்லை. சந்திரசேகரன் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் ரேடியோ மறுபடி பாடும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது, "தோட்டத்துப் பிள்ளை, எங்கட ஆக்கள் இல்லை" என்று அப்பாவின் பக்கத்தில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். அம்மா ஒருத்திதான் ஒத்துக்கொண்டாள். "பாட்டுத் தெரிஞ்ச பெடியன். என்ர பிள்ளையை அழ விடமாட்டான்" என்றாள்.

அதனாலேயோ என்னவோ, துக்கத்தை அந்த வீட்டிலேயே அதிக ஒழுங்காகக் காத்தது சேகர்தான். இசை அவன் பிழைப்பு. பஷீரின் கம்ப்யூட்டர் கம்பெனியில் சம்பளமே அதற்குத்தான். ஆனாலும் பின்னறையில் கதவைச் சாத்தி, ஹெட்ஃபோனை மாட்டி, கட்டைகள் தட்டுப்படும் சத்தமும் மாமாவுக்குக் கேட்கக்கூடாது என்று கீபோர்டுக்கு அடியில் குளிக்கும் துவாலையை மடித்து வைத்திருந்தான். எட்டு மாதமாக அந்தக் கதவுக்கு வெளியே ஒரு துளி இசை கசியவில்லை. ஞானாம்பிகை அதை மரியாதை என்று நினைத்திருந்தாள்.

அன்று மாலை அவன் வந்ததும் அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்து விட்டாள். முன்கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கொம்தார்ல உங்க கேமைப் பார்த்தேன்."

சேகரின் முகத்தில் இருந்த களைப்பு ஒரு நொடியில் வேறாக மாறியது. "டெமோவா? அடுத்த மாசம்தான் வைப்பேன்னான் பஷீர்..."

"அடுத்த மாசம்னா சரியா இருந்திருக்குமா?"

"ஞானம், அத்தைதான் அவங்க பாடின பழைய ரெக்கார்டைக் குடுத்தாங்க. படுக்கையில விழறதுக்கு முன்னாடி. கரகரப்பை எடுத்துக் குடு தம்பின்னாங்க. நான் முடிக்கிறதுக்குள்ள..."

"கேக்கத்தானே குடுத்தாங்க? விக்கவா குடுத்தாங்க?"

அவன் கண்களைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த விளையாட்டுல உலகம் அழிஞ்சிடுது. ரேடியோவுல பழைய பாட்டு மட்டும் மிச்சம். மலாய்ப் பாட்டு, ஹொக்கியன் சீனப் பாட்டு எல்லாம் பஷீர் தேடிப் பிடிச்சான். தமிழ்ப் பாட்டுன்னு கேட்டப்ப எனக்கு வேற எதுவும் தோணல. ராத்திரி பகலா அந்தக் குரலைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை?"

"எப்படிக் கேப்பேன்? இந்த வீட்டுல பாட்டுன்னு வாயைத் திறக்க முடியுமா? ஆட்டத்திவசம் முடிஞ்சதும் உனக்குத்தான் முதல்ல போட்டுக் காட்டணும்னு இருந்தேன்."

"வாயைத் திறக்க முடியாது. ஆனா எங்கம்மாவை எலும்புக்கூடா நாற்காலியில உக்கார வைக்கலாம்."

"அது படம் போடுறவன் வச்சது..."

"சுட்டான்." அவள் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "அம்மா பாடிக்கிட்டு இருக்கும்போதே சுட்டான். பொஸான்லான்னான். எல்லாரும் சிரிச்சாங்க. நான் அங்க நின்னுக்கிட்டு இருந்தேன்."

குழாய் ஓடியது.

"அதுல எல்லாமே உடையும்," என்றான் சேகர் மெதுவாக. "கதவு, கண்ணாடி, எல்லாம். அதுதான் அந்த கேமோட பெருமைம்பான் பஷீர். ரேடியோவைச் சுடுவாங்கன்னு நான்... யோசிக்கல."

"எடுத்துடுங்க."

"சரி."

அவள் ஒரு பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராக வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே ஒவ்வொரு பதிலுக்கும் பதில் வைத்திருந்தாள். அந்தச் சின்னச் "சரி"க்கு அவளிடம் எதுவும் இல்லை.

"திங்கக்கிழமை மாஸ்டர் டிஸ்க் சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போகுது. நாளைக்குக் காலையில போய் எடுத்துடறேன்," என்றான்.

"என்ன பிள்ளை, கன நேரமாத் தண்ணி ஓடுது?" முன்கூடத்திலிருந்து அப்பாவின் குரல்.

"ஒண்டுமில்லையப்பா. சட்டி கழுவுறன்."

*

சனிக்கிழமை காலை சேகர் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருந்த அலுவலகத்துக்குப் போய்விட்டான். காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை. ஞானாம்பிகை துணி மடித்தாள். மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள். பிறகு பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

துவாலை மேல் கீபோர்டு. அதன் பக்கத்தில் அம்மாவின் பழைய பட்டுச்சேலைத் துண்டில் சுற்றிய இசைத்தட்டு. சின்ன வயதில் அலமாரியில் அதைப் பார்த்திருக்கிறாள். தொட்டால் அம்மா கையைத் தட்டிவிடுவாள். வீட்டில் கிராமபோன் கெட்டுப்போய் எத்தனையோ வருடம். அதனால் அந்தப் பாட்டை யாரும் போட்டுக் கேட்டதில்லை.

இசைத்தட்டின் மேல் ஒரு கேசட் இருந்தது. சேகரின் கையெழுத்தில் "ஞானத்துக்கு" என்று எழுதி, கீழே ஆட்டத்திவசத்தின் தேதி.

கேசட்டைப் போட்டாள். ஹெட்ஃபோனைக் காதில் வைக்கும்போது கை கூசியது. பதினோரு மாதத்தில் அவள் கேட்கப்போகும் முதல் பாட்டு, அம்மாவே பாடியது.

கரகரப்பு ஏறக்குறைய இல்லை. அம்மா பக்கத்தில் வந்து நிற்பது போலப் பாடினாள். பல்லவி, அனுபல்லவி. கடைசி அடியில் குரல் மேலே மேலே ஏறி, உச்சத்தைத் தொட்ட இடத்தில் ஒரு கணம் நடுங்கியது. கையில் வைத்த தண்ணீர்க் கிண்ணம் நடுங்குகிற மாதிரி. உடனே சமாளித்துக்கொண்டு இறங்கி வந்து முடித்தாள்.

பாட்டு முடிந்தும் கேசட் ஓடியது. எங்கோ ஒரு நாற்காலி நகர்ந்தது. அம்மா பேசினாள். பாடவில்லை, பேசினாள், மூச்சிரைக்க, சிரிப்போடு.

"சரியாப் பாடினனானோ?"

சற்றுத் தள்ளி ஓர் ஆணின் குரல். "மேலே போகேக்க கொஞ்சம் நடுங்கிச்சுது."

பிறகு ஊசி தேயும் சத்தம் மட்டும்.

ஞானாம்பிகை அப்படியே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்தபோது வாசலில் அப்பா நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தாள், திருட்டுத்தனமாக எதையோ தின்று அகப்பட்டவள் மாதிரி.

"என்ன கேக்கிறாய்?"

பொய் சொல்ல முடியவில்லை. "அம்மாவை," என்றாள்.

அப்புத்துரை துறைமுக அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். எழுபது வயதிலும் வீட்டுக்குள் சட்டை போட்டுத்தான் நடப்பார். கோபிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ஹெட்ஃபோனைத் தலைகீழாக மாட்டிக்கொண்டார். அவள் சரிசெய்து விட்டுக் கேசட்டைத் திருப்பி ஓடவிட்டாள்.

பாட்டு முழுவதும் அவர் அசையவில்லை. பாட்டு முடிந்து பேச்சு வரும் இடத்தில் அவருடைய தோள் ஒருமுறை குலுங்கியது.

"அது நான்தான், பிள்ளை," என்றார்.

"எது அப்பா?"

"நடுங்கிச்சுது எண்டு சொன்னது. எங்களுக்கு அப்ப நிச்சயம் பண்ணி ஒரு மாதம். ஸ்டூடியோவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். அவள் கேட்டாள். நான் உள்ளதைச் சொன்னன். அலுவலகத்தில நாள் முழுக்கக் கடிதத்தில பிழை பாக்கிறவன் நான். பிழை எண்டால் சொல்லிப்போட வேணும் எண்டு..." ஹெட்ஃபோனை மடியில் வைத்து அதன் கம்பியை விரலில் சுற்றினார். "அதுக்குப் பிறகு அவள் மைக்குக்கு முன்னால நிக்கேல்லை. பாடாதே எண்டு நான் சொன்னதில்லை. பாடு எண்டும் சொன்னதில்லை. நாப்பது வருசம்."

ஞானாம்பிகை கொம்தாரில் பார்த்ததை, சேகர் செய்ததை, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டாள். ரேடியோவைச் சுட்டதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "விளையாட்டில தம்பி அந்த நடுக்கத்தைத் திருத்தினவரோ?"

"தெரியாதப்பா. அந்த இடம் வர முன்னமே அந்தப் பெடியன் சுட்டுப்போட்டான்."

*

சேகர் மத்தியானம் வந்தான். புகையில் கண் சிவந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "எடுத்தாச்சு," என்று ஞானாம்பிகையிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். அப்போதுதான் பின்னறையில் மாமாவையும், அவர் மடியில் ஹெட்ஃபோனையும் பார்த்தான்.

"மாமா, நான்... மன்னிச்சுக்குங்க."

"அதை விடும். கம்ப்யூட்டரில குரலைத் திருத்தலாமாமே. விளையாட்டில நீர் அந்த நடுக்கத்தைத் திருத்தினீரோ?"

சேகருக்குக் கேள்வி புரிய ஒரு கணம் ஆயிற்று. "நடுக்கத்தையா? இல்ல மாமா. அந்த ஒரு இடம்தான் எனக்கு..." நிறுத்தி, மனைவியைப் பார்த்தான். "ஞானம், ஒண்ணு சொல்லணும். பாட்டை எடுத்துட்டேன். ஆனா அத்தை இன்னும் முழுசாப் போகல."

"அப்படின்னா?"

"வீட்டுக்கு வீடு ரேடியோ பாடும். நடுவுல தெருவுல நடக்கும்போது என்னோட சொந்த இசை வரணும். மூணு மாசம் என்னென்னவோ வாசிச்சுப் பார்த்தேன். எல்லாமே பொய்யா இருந்துச்சு. ஒருநாள் அந்த நடுங்குற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். ஒரு செகண்டுகூட இருக்காது. அதை இழுத்தேன். நாலு நிமிஷத்துக்கு இழுத்தேன். அது மேலதான் மத்த எல்லாத்தையும் கட்டினேன். அந்த கேம்ல நீ எந்தத் தெருவுல நடந்தாலும் அத்தைதான்."

ஞானாம்பிகைக்குக் கொம்தாரில் கேட்ட சத்தம் நினைவுக்கு வந்தது. பாட்டு வருவதற்கு முன்னால், காற்று மாதிரி, ஊதல் மாதிரி. பெருமையாக இருந்ததே, அது.

"அதையும் எடுக்கணும்னா சொல்லு," என்றான் சேகர். "என்கிட்ட வேற இசை இல்ல. பஷீர்கிட்ட போய் வேலையை விட்டுடறேன்னு சொல்லிட்டு வந்துடறேன். உன்னைக் கேக்காம செஞ்சது தப்பு. இதை இன்னைக்குக் காலையில பாட்டை எடுக்கும்போதுதான் முழுசா உணர்ந்தேன்."

வேலையை விடுவது என்று அவன் சொன்ன விதத்தில் மிரட்டல் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பதினோரு மாதமாக அவன் அழவேயில்லை என்று அவனை உள்ளுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தக் கதவுக்குப் பின்னால், துவாலையின் மேல், இவன் இதைத்தான் செய்துகொண்டிருந்தானா?

"அந்தச் சத்தத்தைப் போடும், தம்பி," என்றார் அப்பா.

சேகர் கம்ப்யூட்டரைப் போட்டு, ஹெட்ஃபோனை எடுத்து அவரிடம் கொடுத்தான். அப்புத்துரை அதை வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து, கம்பியைத் தடவிப் பிடித்து, பெட்டியிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டார்.

வீட்டுக்குள் சத்தம் நிறைந்தது. மெல்ல, தரையிலிருந்து எழுவது போல. பின்னறையிலிருந்து கூடத்துக்குப் போய், துண்டு விரித்த ரேடியோவைக் கடந்து, வாசலில் நின்ற புகைக்குள் கலந்தது. ஆட்டத்திவசத்துக்கு மூன்று வாரம் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

நான்கு நிமிடமும் அப்பா நின்றுகொண்டே கேட்டார். முடிந்ததும், "பாட்டைத் திருப்பிப் போடச் சொல்லு," என்றார் மகளிடம், மருமகனிடம் நேராகச் சொல்லாமல். "எனக்கு அந்த விளையாட்டு ஒண்டும் விளங்காது. எலும்போ நாற்காலியோ என்னவோ செய்யட்டும். ஆனால் அவள் பாடேக்க ஒருத்தரும் இடையில நிப்பாட்டக் கூடாது. நான் நிப்பாட்டினது போதும்."

பிறகு வாசலுக்குப் போய்விட்டார். அந்தப் புகையில் முகமூடியும் இல்லாமல் வெகுநேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞானாம்பிகை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பினாங்கு ஸ்ட்ரீட்டுக்கு ஞானாம்பிகையும் போனாள். ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பஷீரின் அலுவலகம். ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, மூலையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்கள்.

"அக்கா, டெமோவை முன்னாடியே வச்சது என் தப்பு. கடைக்காரன் அவசரப்படுத்துனான். அது உங்கம்மா குரல்னு அல்லாமேல சத்தியமா எனக்குத் தெரியாது," என்றான் பஷீர். "பழைய ரெக்கார்டுன்னுதான் இவன் சொன்னான்."

"பாட்டைத் திரும்பப் போடலாம்," என்றாள் அவள். "ரெண்டு விஷயம். நாற்காலியில அந்த எலும்புக்கூடு வேண்டாம். அந்த ரேடியோ உடையக் கூடாது."

பஷீர் தலையைச் சொறிந்தான். "எலும்பை எடுத்துடலாம்கா, பிரச்சனையில்ல. ரேடியோ... எங்க கேம்ல எல்லாமே உடையும். டப்பாவுலயே அப்படித்தான் அச்சடிச்சிருக்கேன். ஒண்ணு மட்டும் உடையலைன்னா, ப்ரோக்ராம்ல கோளாறுன்னு சொல்வாங்க. எனக்குத்தான் கடிதம் எழுதித் திட்டுவாங்க."

"திட்டட்டும்."

"சேகர், உன் வீட்டுக்காரம்மா பேசாம எனக்கு பாஸா வந்துடலாம்," என்று முனகிக்கொண்டே பஷீர் விசைப்பலகையை இழுத்தான். ஒரு மணி நேரம் தட்டினான். பாட்டு பழைய இடத்துக்கு வந்தது. எலும்புக்கூடு போய், பிரம்பு நாற்காலி காலியாக நின்றது. ஞானாம்பிகைக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

"இப்ப யாராவது சுட்டுப் பார்க்கணும்," என்றான் பஷீர். "சுடாம எப்படித் தெரியும்? நாளைக்கு டிஸ்க் போயிட்டா அப்புறம் மாத்த முடியாது."

நாற்காலியைச் சேகர் பக்கம் தள்ளினான். சேகர் உட்காரவில்லை.

"என்னால முடியாதுடா."

"அப்ப நான் சுடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஞானாம்பிகை. அவளே உட்கார்ந்தாள். எந்த விசை நடக்க, எந்த விசை சுட என்று பஷீர் காட்டினான். அவள் விரல் பிடிபடாமல் இரண்டுமுறை சுவரில் முட்டிக்கொண்டு, பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தாள். ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது.

"அக்கரை விளக்கே, அணையாதே..."

அவளால் உடனே சுட முடியவில்லை. பல்லவி போனது. அனுபல்லவி வந்தது. சேகர் அவளுக்குப் பின்னால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் மூச்சு அவள் தலைமுடியில் பட்டது.

"நீங்க என்கிட்ட கேட்டிருக்கணும்," என்றாள் திரும்பாமல்.

"ஆமா."

"நான் சரின்னு சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் கேக்கல," என்றான் அவன்.

அந்தப் பதில் அவளுக்குள் எங்கோ போய்த் தங்கியது. சீக்கிரம் போகாது என்று தெரிந்தது. துப்பாக்கியை அம்மாவின் பக்கம் திருப்பினாள். கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள்.

வெடிச்சத்தம். கண்ணைத் திறந்தாள். சுவரில் காரை உதிர்ந்தது. மேசையில் துளை விழுந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா கடைசி அடிக்கு வந்திருந்தாள், மேலே ஏறத் தொடங்கியிருந்தாள்.

"போதும்கா, உடையாது," என்றான் பஷீர்.

ஞானாம்பிகைக்குப் போதவில்லை. மறுபடி சுட்டாள். மறுபடியும் சுட்டாள். குரல் உச்சத்துக்குப் போய், நடுங்கி, அறுபடாமல் நின்றது.